கிட்டங்கி கடந்து சவளக்கடை வரை: வேகக் கட்டுப்பாடும் வீதி வேலையும் சாரதிகளின் மனத்தாங்கலும்

கல்முனை நகரிலிருந்து மேற்கே திரும்பி, நற்பிட்டிமுனையையும் சேனைக்குடியிருப்பையும் தாண்டி, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் வருவது சவளக்கடை. நாவிதன்வெளிப் பிரதேச செயலாளர் பிரிவுக்கு அதுவே வாசல். அதற்கப்பால் அன்னமலை, வேப்பையடி, சொறிக்கல்முனை, சாளம்பைக்கேணி, மத்தியமுகாம் என்று ஊர்கள் விரிகின்றன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின்னர் இலக்கமிட்டுக் குடியேற்றப்பட்ட கொளனிகளும் இந்தப் பக்கமே உள்ளன. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்த வயல் நாட்டுக்கும் கரையோர நகரங்களுக்கும் இடையில் நாளாந்தம் போய்வரும் வீதி இதுதான்.

இந்த வீதியில் நாள்தோறும் காலை ஏழு மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகள், கந்தோர்க்காரர், மரக்கறி ஏற்றிய முச்சக்கர வண்டி, வயலுக்குப் போகும் உழவு இயந்திரம், தனியார் பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. அறுவடைக் காலத்தில் நெல் வெட்டும் இயந்திரமும் நெல் மூடை ஏற்றிய லொறியும் சேர்ந்துகொள்ளும். வீதியின் ஒரு பாதியில் நெல் காயும், மறுபாதியில் வாகனங்கள் ஒதுங்கி ஓடும். மாலையில் வெளிச்சம் மங்கியதும் கட்டாக்காலி மாடுகள் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

இப்படியான வீதியில் "வேகத்தைக் குறைக்கவும்", "வீதி வேலை நடைபெறுகின்றது" என்ற பலகைகளைக் கண்டால் சாரதிகள் நன்றி சொல்லத்தானே வேண்டும்? நடப்பது அப்படியல்ல. பஸ் தரிப்பிடத்திலும் ஓட்டோ நிறுத்துமிடத்திலும் அந்தப் பலகைகளைப் பற்றிக் கேட்கும் பேச்சு பெரும்பாலும் எரிச்சலான பேச்சே. அந்த எரிச்சலுக்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் சில நியாயமானவை, சில கணக்குப் பிழையானவை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதும், வீதியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய விடயங்களைத் தொகுத்துத் தருவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் சொல்லும் வேகம்

இலங்கையில் வாகனங்களின் வேகத்தை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழ் வெளியிடப்படும் ஒழுங்குவிதிகளும் தீர்மானிக்கின்றன. நகரம், கடைத்தெரு, குடியிருப்பு போன்ற கட்டடங்கள் நிறைந்த பகுதிகளில் கார், மோட்டார் சைக்கிள், பஸ் என்பவற்றுக்கான உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு 40. அதற்கு வெளியே காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 70. கனரக வாகனங்களுக்கு அதைவிடக் குறைவு. அதிவேக நெடுஞ்சாலையில் மாத்திரமே 100.

இந்த அளவுகளை நம் பகுதிக்குப் பொருத்திப் பாருங்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் ஊடாக மட்டக்களப்பு வரை செல்லும் ஏ4 நெடுஞ்சாலை, காரைதீவு தொடக்கம் சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை வரை ஏறக்குறைய இடைவெளியே இல்லாத ஒரே ஊராகக் கிடக்கிறது. ஒரு ஊர் முடிந்து மற்ற ஊர் தொடங்கும் இடத்தைப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் அறியலாம். அந்த நீளம் முழுவதும் 50ஐத் தாண்ட இடமில்லை. கிட்டங்கிக்கு அப்பால் வயல்வெளி வந்தவுடன் வீதி திறந்துவிடுகிறது. சாரதியின் கால் தானாகவே அழுத்துகிறது. ஆனால் சில நிமிடங்களில் சவளக்கடைச் சந்தி. மீண்டும் கடை, பாடசாலை, பள்ளிவாசல், கோயில், ஆட்கள்.

எல்லை எங்கே மாறுகிறது என்பதைச் சொல்லும் பலகை இல்லாத இடத்தில் சாரதி தன் கண்ணால்தான் தீர்மானிக்கிறார். பொலிஸார் வேறு விதமாகத் தீர்மானிக்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

தண்டப்பணத்தின் அளவும் அந்தச் சண்டைக்கு எண்ணெய் ஊற்றுகிறது. 2018 ஜூலையில் 33 போக்குவரத்துக் குற்றங்களுக்கான தண்டப்பணம் உயர்த்தப்பட்டபோது வேகத்துக்குப் படிமுறை கொண்டுவரப்பட்டது. எல்லையை 20 சதவீதம் வரை மீறினால் 3,000 ரூபா. 20 முதல் 30 சதவீதம் வரை 5,000. 30 முதல் 50 வரை 10,000. அதற்கு மேல் 15,000. ஒரு நாள் முழுவதும் ஓட்டோ ஓடி எரிபொருளும் லீசிங் கட்டுப்பணமும் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்க்கும் ஒருவருக்கு இதில் மிகக் குறைந்த தொகையும் சிறியதல்ல.

இதற்கு முன்னரும் நாடு இந்தத் தகராறைக் கண்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 2016 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்டதைத் தொடர்ந்து, வேகம், மதுபோதை, அனுமதிப்பத்திரமின்மை உட்பட ஏழு குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 25,000 ரூபா தண்டம் என்ற முடிவு வந்தது. அந்த டிசம்பர் தொடக்கத்தில் தனியார் பஸ் சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நாடெங்கும் பயணிகள் தெருவில் நின்றார்கள். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் அன்றும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. தண்டத்தின் அளவும், அதைச் சுமக்கப் போவது யார் என்பதுமே பிரச்சினையாக இருந்தன.

"மெதுவாகப் போ" என்ற கட்டளையின் பழைய பொருள்

கிழக்கில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் "வேகத்தைக் குறை" என்ற சொல் வெறும் போக்குவரத்துச் சொல் அல்ல. போர்க்காலத்தில் வீதியில் வேகம் குறைந்த இடமெல்லாம் சோதனைச் சாவடிதான். அம்பாறை மாவட்டத்தில் விசேட அதிரடிப்படையின் முகாம்களும் காவலரண்களும் இருந்த காலத்தில், தார்ப்பீப்பாய்களை மாறி மாறி வைத்து வளைத்து விட்ட பாதையில் வாகனம் ஊர்ந்துதான் போகும். இரவென்றால் முன்விளக்கைத் தணித்து, உள்விளக்கைப் போட வேண்டும். பயணிகள் இறங்கி நடக்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்திருக்க வேண்டும். அந்த இடத்தில் மெதுவாகப் போகாதவர் உயிருடன் போவது நிச்சயமில்லை.

2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்தது. 2009இல் போர் முடிந்தது. அதன் பின் காபட் இட்ட வீதி வந்தபோது, நிற்காமல் ஓட முடிந்தது பலருக்கு விடுதலையின் ஓர் அடையாளம் போலவே இருந்தது. பல மணி நேரம் எடுத்த பயணம் சுருங்கியது. பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாயை இரவிலும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்க்க முடிந்தது.

ஆகவே சீருடை அணிந்த ஒருவர் கை காட்டி நிறுத்தி வேகத்தைப் பற்றிக் கேட்கும்போது, நம்மவர் சிலரின் உள்ளத்தில் எழுவது சட்டத்தைப் பற்றிய சிந்தனை அல்ல. அதைவிடப் பழைய ஓர் உணர்வு அது. இதை அதிகாரிகள் விளங்கிக்கொள்ள வேண்டும். அதே நேரத்தில் நாமும் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அன்று மெதுவாகப் போகச் சொன்னது துப்பாக்கி. இன்று அதைச் சொல்வது வீதியோரத்தில் நடந்து போகும் பிள்ளை. கட்டளை ஒன்றுபோலத் தோன்றினாலும் அதன் காரணம் வேறு.

போர் விட்டுச் சென்ற இன்னொன்றும் இந்த வீதிகளில் உண்டு. கண்ணிவெடியிலும் எறிகணையிலும் காலிழந்தவர்கள், செவிப்புலன் குறைந்தவர்கள், கணவனை இழந்து வீதியோரத்தில் கடை போட்டுப் பிழைக்கும் பெண்கள். செயற்கைக் காலுடன் வீதியைக் கடப்பவருக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் தேவை. ஹோர்ன் அடித்தால் விலகுவார் என்ற நம்பிக்கையில் வரும் வாகனம், அவர் காது கேளாதவராக இருந்தால் என்ன செய்யும்?

சாரதிகள் சொல்லும் காரணங்கள்

முதலாவது, நேரம். தனியார் பஸ்ஸின் சாரதிக்கும் நடத்துநருக்கும் பல இடங்களில் மாதச் சம்பளம் இல்லை. அன்றைய வசூலில்தான் பங்கு. முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் அடுத்த தரிப்பிடத்துப் பயணி அவருடையவர் அல்ல. நேரக் காப்பாளரிடம் பிந்திப் போனால் அதற்கும் கணக்கு. கொழும்புக்கு மீன் ஏற்றும் கூலர் லொறிக்கு விடியுமுன் சந்தையை அடைய வேண்டும். நோன்பு காலத்தில் அஸர் தொழுகைக்குப் பின்னர் வீதியில் ஓடும் ஒவ்வொருவருக்கும் நோன்பு திறக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது, பாரபட்சம். அதிகார வாகனம் பறக்கலாம், சொகுசுக் கார் பறக்கலாம், மறிபடுவது மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும்தான் என்ற மனக்குறை பரவலாகக் கேட்கிறது. வேகத்தை அளக்கும் கருவி காட்டிய எண்ணைத் தமக்குக் காட்டவில்லை என்ற முறைப்பாடும் அதனுடன் வருகிறது.

மூன்றாவது, மொழி. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆம் திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. அப்படியிருந்தும், தண்டச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்து விளங்க முடியாமல் வாங்கிக்கொண்டு வரும் தமிழ்பேசும் சாரதிகள் இன்னும் உள்ளனர். எந்தக் குற்றத்துக்குத் தண்டம் கட்டுகிறோம் என்று தெரியாதவர் அதிலிருந்து என்ன திருந்துவார்?

நான்காவது, முடியாத வேலை. வீதியை வெட்டிப் போட்டு, கிரவல் கொட்டி, பலகை நட்டுவிட்டு ஆட்கள் போய்விடுகிறார்கள். வேலை நடக்காத இடத்திலும் பலகை மாதக்கணக்கில் நிற்கிறது. நான்கு முறை அந்தப் பலகைக்கு மதிப்புக் கொடுத்து வேகம் குறைத்தவர் ஐந்தாம் முறை குறைப்பதில்லை. அந்த ஐந்தாம் நாளில்தான் உண்மையிலேயே வேலையாட்கள் வீதியில் நிற்பார்கள்.

இந்த நான்கில் பின்னைய மூன்றும் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டியவை. முதலாவதற்கு மாத்திரம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நிமிடமும் மீற்றரும்

ஐந்து கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் ஐந்து நிமிடம். 40இல் ஓடினால் ஏழரை நிமிடம். இழப்பு இரண்டரை நிமிடம். பத்துக் கிலோமீற்றரை 70இல் ஓடுவதற்கும் 50இல் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. அதுவும் வழியில் எங்கும் நிறுத்தாமல் ஓடினால் மாத்திரம். சந்தியும் மஞ்சள் கடவையும் மாடும் உள்ள வீதியில் அந்த ஆதாயம் இன்னும் சுருங்கிவிடும்.

இனி மறுபக்கம். ஆபத்தைக் கண்டு மூளை உணர்ந்து கால் பிரேக்கை அழுத்த ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். அதன் பின்னரே பிரேக் வேலை செய்யத் தொடங்கும். நல்ல டயர், காய்ந்த தார் வீதி என்று வைத்துக்கொண்டால் ஒரு கார் முழுமையாக நிற்க எடுக்கும் தூரம் அண்ணளவாக இப்படி அமையும்:

மணிக்கு 30 கி.மீ. என்றால் 17 அல்லது 18 மீற்றர்.
மணிக்கு 50 கி.மீ. என்றால் 35 மீற்றர்.
மணிக்கு 70 கி.மீ. என்றால் 56 மீற்றர்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இதை மாற்ற எந்தச் சாரதியின் திறமையாலும் முடியாது. மழை ஈரத்தில், தேய்ந்த டயரில், கிரவல் சிதறிய இடத்தில் இந்தத் தூரங்கள் இன்னும் நீளும். மூடை ஏற்றிய லொறிக்கும் இழுபெட்டி பூட்டிய உழவு இயந்திரத்துக்கும் காரின் கணக்குப் பொருந்தாது.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ச்சேதம் தரும் விபத்தின் வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரின் முன்பக்கம் மோதும் பாதசாரி இறக்கும் ஆபத்து, வேகம் 50இலிருந்து 65ஆக உயரும்போது நான்கரை மடங்காகிறது. 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக நாடுகள், நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் வாகனங்களுடன் கலந்து போகும் இடங்களில் 30 கிலோமீற்றரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதன் காரணம் இதுவே.

இலங்கையின் நிலையை உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கை சுருக்கமாகச் சொன்னது. ஆண்டுக்குச் சராசரியாக 38,000 விபத்துகள். 3,000 பேர் வரை மரணம். 8,000 பேர் படுகாயம். போர் இல்லாத நாட்டில், ஆண்டுதோறும், சத்தமில்லாமல் நடக்கும் இழப்பு இது. 2023 ஜூலையில் பொலன்னறுவையிலிருந்து கிழக்குக் கரையை நோக்கி வந்த தனியார் பஸ் மன்னம்பிட்டியில் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் பாய்ந்தபோது பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025 மே மாதத்தில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் பலியாகினர். பிந்திப் போவதைப் பற்றி அந்தப் பயணிகளின் வீட்டார் இன்று என்ன நினைப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீதி யாருடையது, வேலை ஏன் நிற்கிறது

வீதி குழியானால் யாரைக் கேட்பது என்று பலருக்குத் தெரியாது. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாண சபையின் கீழுள்ள வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. எஞ்சிய உள்வீதிகள் மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் சொந்தம். குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டுவது இன்னொரு நிறுவனம். ஒருவர் காபட் இட்ட மறுமாதம் மற்றவர் வந்து வெட்டுவது இந்தப் பிரிவினையால்தான்.

போருக்கும் 2004 ஆழிப்பேரலைக்கும் பின்னர் கிழக்கின் வீதிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கடனிலும் உதவியிலும் எழுந்தன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஐ-றோட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் கிழக்கு மாகாணமும் சேர்க்கப்பட்டது. பின்னர் ஒரு லட்சம் கிலோமீற்றர் கிராமிய வீதித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என அறிவித்ததும் ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுப்பனவு தடைப்பட்டது. தாரின் விலை எகிறியது. எரிபொருளுக்கே வரிசையில் நின்ற காலம் அது. பாதியில் விடப்பட்ட வேலைகளின் வரலாறு பெரும்பாலும் இதுதான்.

ஆனாலும் காசு இல்லை என்பது, வெட்டிய இடத்தை இருட்டில் விட்டுச் செல்வதற்குக் காரணமாகாது. வேலை நடக்கும் இடத்துக்கு முன்கூட்டியே பலகை, ஒளிரும் பட்டி ஒட்டிய தடுப்பு, இரவில் விளக்கு, கொடி காட்டுபவர், தூசுக்குத் தண்ணீர் தெளிப்பு, நடப்பவருக்கு ஒதுக்குப் பாதை, வேலை முடிந்ததும் பலகையை அகற்றுதல் என்பவை எந்த வீதி வேலையிலும் மக்கள் எதிர்பார்க்க வேண்டிய ஆகக் குறைந்தவை.

தாம்போதி கேட்கும் விலை

இந்தப் பகுதியில் வீதி வேலை என்ற பேச்சு எப்படியும் கிட்டங்கியில்தான் போய் முடியும். மாரி பிறந்து மேல்நிலங்களில் மழை கொட்டினால் தாம்போதியின் மேலால் வெள்ளம் பாயும். ஆற்றுவாழை அடைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். போக்குவரத்து நின்றுவிடும். கல்முனையில் உள்ள வைத்தியசாலைகள், பாடசாலைகள், கந்தோர்கள், சந்தை எல்லாவற்றுடனும் சவளக்கடைப் பக்கத்தின் தொடர்பு அறுந்துபோகும். வெல்லாவெளிப் பக்கமாகவோ மத்தியமுகாம், அம்பாறைப் பக்கமாகவோ சுற்றிப் போக வேண்டும். அந்தப் பாதைகளும் வெள்ளத்துக்குத் தப்புவதில்லை. உயர்த்திய பாலம் வேண்டும் என்ற கோரிக்கை மாரிதோறும் எழுந்து கோடையில் அடங்கிவிடுகிறது.

வெள்ளத்தில் வாகனத்தை இறக்கிப் பார்ப்பது எவ்வளவு விலை கேட்கும் என்பதை 2024 நவம்பர் 26 காட்டியது. காரைதீவுக்கும் அம்பாறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தின் இழுபெட்டி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர்கள் உட்பட எட்டு உயிர்கள் போயின. வீட்டுக்குப் போக அவசரப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

ஓடும் நீர் 30 சென்ரிமீற்றர் ஆழமிருந்தால் சிறிய கார் மிதக்கத் தொடங்கலாம். 60 சென்ரிமீற்றர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துப் போகும். கலங்கல் நீரின் கீழ் வீதி உள்ளதா, அரித்துப் போய்விட்டதா என்பது மேலிருந்து தெரியாது. உழவு இயந்திரம் கனமானது, போய்விடும் என்ற நம்பிக்கை இழுபெட்டிக்குப் பொருந்தாது. வெள்ளம் பாயும் தாம்போதியில் பாதுகாப்பான வேகம் என்று ஒன்றில்லை. அங்கே சரியான வேகம் பூச்சியமே. ஆனால் "போகாதே" என்று சொல்ல ஒரு தடுப்பும் ஆளும் அளவுகோலும் அங்கே இருக்க வேண்டும். அதை வைப்பது சாரதியின் பொறுப்பல்ல.

மற்ற ஊர்களில் நடந்தது

வேகத்தைக் குறைக்கச் சொன்னால் சாரதிகள் எதிர்ப்பது சவளக்கடையின் தனிக்குணம் அல்ல. சென்னையில் 2023 ஜூனில் பகலில் 40 கிலோமீற்றர் என்ற எல்லையை ராடார் கொண்டு நடைமுறைப்படுத்த முயன்றபோது கடும் கண்டனம் எழுந்தது. அகலமான சாலைக்கும் குறுகிய தெருவுக்கும் ஒரே எல்லையா என்று மக்கள் கேட்டார்கள். போக்குவரத்துப் பொலிஸார் மீளாய்வு செய்து, அவ்வாண்டு நவம்பரில் காருக்கு 60, கனரக வாகனத்துக்கும் இருசக்கர வாகனத்துக்கும் 50, ஓட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லோருக்கும் 30 என்று வகைப்படுத்தினார்கள்.

பிரித்தானியாவின் வேல்ஸில் 2023 செப்டெம்பர் 17 முதல் ஊர்ப்பகுதிகளின் பொது எல்லை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது ஏறத்தாழ 32 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்டது. எதிர்த்துக் கையெழுத்திட்டவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். அந்த நாடாளுமன்றம் அதற்குமுன் அப்படியொரு மனுவைக் கண்டதில்லை. அரசு பின்னர் சில வீதிகளைப் பழைய எல்லைக்கு மாற்ற உள்ளூராட்சி சபைகளுக்கு இடம் கொடுத்தது. ஆனால் முதல் 18 மாதங்களில் அத்தகைய வீதிகளில் விபத்துக்குள்ளானோர் தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோவில் கதை மறுபக்கம் திரும்பியது. ரொறன்ரோவில் பாடசாலைகளுக்கு அருகே வேகக் கமராக்கள் வைத்ததால் எல்லை மீறிய வாகனங்களின் விகிதம் 45 சதவீதம் குறைந்தது என்று 2025இல் ஆய்வு வெளிவந்தது. ஆனாலும் அவை காசு பறிக்கும் கருவிகள் என்ற எதிர்ப்பு வென்றது. அதே ஆண்டு நவம்பர் 14 முதல் மாகாண அரசு அவற்றைத் தடை செய்தது.

மூன்று இடங்களிலும் ஒரே பாடம் கிடைக்கிறது. வேகம் குறைந்தால் உயிர் மிஞ்சும். ஆனால் எல்லை இடத்துக்குப் பொருந்தவில்லை என்றோ, நோக்கம் பணம் என்றோ மக்கள் நினைத்துவிட்டால், உயிர் காக்கும் ஏற்பாடும் நிலைப்பதில்லை.

நாம் செய்யக்கூடியவை

தண்டச்சீட்டு தரப்பட்டால்: எந்தக் குற்றம், எந்த இடம், எந்த வேகம் என்று கேட்டு அறியுங்கள். தமிழில் விளக்கம் கேட்பது சலுகையல்ல, உரிமை. அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தரப்படும் அந்தச் சீட்டே தற்காலிக அனுமதிப்பத்திரமாக 14 நாட்களுக்குச் செல்லும். அதற்குள் தபாலகத்தில் தண்டத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டி உங்கள் அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறலாம். பிந்தினால் தொகை இரட்டிப்பாகும், அதற்கும் பிந்தினால் நீதிமன்றம். குற்றத்தை ஏற்காதவர் நீதிமன்றத்தில் தன் பக்கத்தைச் சொல்லலாம். கையில் காசு வைத்துப் பேசி முடிப்பது மாத்திரம் வேண்டாம். அடுத்தவர் மீது விழும் அநியாயத்துக்கு அதுவே விதை.

வீதி வேலை இழுபட்டால்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. வேலையின் மதிப்பீடு என்ன, ஒப்பந்தக்காரர் யார், முடிக்க வேண்டிய திகதி எது, பாதுகாப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று உரிய நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். உள்நாட்டு நிதியில் ஐந்து லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டங்களின் விபரத்தை மூன்று மாதத்துக்கு முன்னரே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது.

பஸ் ஓட்டம் பற்றி: மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களின் வழி அனுமதியும் நேர அட்டவணையும் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் கையில் உள்ளன. வேக எல்லைக்குள் ஓடி முடிக்க முடியாத அட்டவணை என்றால் அதைத் திருத்தக் கேட்க வேண்டியவர்கள் உரிமையாளர்களும் சாரதிகளும்தான். பயணிகளும் கேட்கலாம். "கெதியா விடு தம்பி" என்று பின்னாலிருந்து சொல்வதும் நாம்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஊரில்: பாடசாலை, பள்ளிவாசல், கோயில், கிராம அபிவிருத்திச் சங்கம் என்பன சேர்ந்து, எந்தச் சந்தியில் பலகை இல்லை, எந்தக் கடவை அழிந்துபோயிற்று, எந்தத் திருப்பத்தில் பற்றை மறைக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரித்துப் பிரதேச செயலகத்துக்கும் சவளக்கடைப் பொலிஸுக்கும் கொடுக்கலாம். மாட்டுக்காரர் இரவில் மாட்டைக் கட்டலாம். நெல் காயப்போடுவோர் வளைவையும் சந்தியையும் தவிர்க்கலாம். உழவு இயந்திரத்தின் இழுபெட்டிக்குப் பின்னால் ஒளிரும் பட்டி ஒட்டப் பெரிய செலவில்லை. இவை எதற்கும் கொழும்பின் அனுமதி தேவையில்லை.

இந்த வீதியில் தமிழர் ஓட்டும் பஸ்ஸில் முஸ்லிம் பிள்ளை பாடசாலைக்குப் போகிறது. முஸ்லிம் ஓட்டும் ஓட்டோவில் தமிழ்த் தாய் வைத்தியசாலைக்குப் போகிறார். மற்ற விடயங்களில் ஆயிரம் பிணக்குகள் இருக்கலாம். வீதியில் ஒருவரின் உயிர் மற்றவரின் காலடியில் உள்ள பிரேக்கில்தான் இருக்கிறது. போரிலும் கடலிலும் இவ்வளவு பேரை இழந்த கரை இது. இரண்டரை நிமிடத்துக்காக இன்னுமொருவரைக் கொடுக்க இங்கே எந்த வீட்டுக்கும் வசதியில்லை.